கொலுசு போட்ட காலில் அரிப்பா?

போன சித்திரையில் ஓர் அம்மா, எட்டாவது படிக்கும் மகளோடு பனமரத்துப்பட்டியில் என் வைத்தியசாலைக்கு வந்தார். "ரெண்டு மாசமா கணுக்காலைச் சொறிஞ்சுக்கிட்டே இருக்குதுங்கய்யா. கத்தரிக்கா, கருவாடு எல்லாம் நிறுத்திப் பாத்துட்டேனுங்க" என்றார்.

காலைப் பார்த்தேன். வளையம் வரைந்த மாதிரி கணுக்காலைச் சுற்றி மட்டும் தடிப்பு. கத்தரிக்காய் இப்படி வட்டம் போடாது! கொலுசு எங்கே வாங்கியது என்று கேட்டேன். திருவிழாக் கடையில், ஜெர்மன் சில்வராம். வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன சேலத்துப் பக்கத்திலேயே இப்படி.

ஜெர்மன் சில்வரில் பெயரைத் தவிர வேறெங்கும் வெள்ளி கிடையாது. செம்பு, துத்தநாகம், நிக்கல் மூன்றும் கலந்த உலோகம் அது. நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்குவரை நிக்கல் இருக்கும். வியர்வையின் உப்பு பட்டால் நிக்கல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தோலில் இறங்கும். சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. ஒருமுறை உடம்பு அதை எதிரியாக எண்ணிவிட்டால் ஆயுசுக்கும் மறக்காது.

"எவர்சில்வர் தட்டுலயும் நிக்கல் இருக்குதாமே?" என்றார் அந்த அம்மா. நல்ல கேள்வி! 304 என்று முத்திரை குத்திய பாத்திரத்தில் குரோமியம் 18 பங்கு, நிக்கல் 8 பங்கு. ஆனால் குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் போட்டுக்கொள்கிறது. கீறினாலும் தானே மறுபடி மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கும் நிக்கல் எளிதில் வெளியே வராது. ஜெர்மன் சில்வருக்கு அந்தக் கவசம் இல்லை. அதனால்தான் ஐரோப்பாவில் 1994-ல் போட்ட சட்டம், தோலில் படும் நகையிலிருந்து எவ்வளவு நிக்கல் கசிகிறது என்று அளக்கச் சொன்னது. வாரத்துக்கு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராம்தான் எல்லை.

நிக்கல் சேர்க்காத எவர்சில்வரும் உண்டு. காந்தம் நன்றாக ஒட்டும். உங்கள் பையிலேயே பாருங்கள்: 1992-ல் வந்த ஒரு ரூபாய் நாணயம் அந்த ரகம். அதற்கு முந்தைய ரூபாயில் கால் பங்கு நிக்கல், மீதி செம்பு. நம்ம சேலம் உருக்காலையிலும் நாணயத்துக்கான எவர்சில்வர் வில்லை வெட்டும் பிரிவு உண்டு. ஆனால் காந்தத்தை வைத்து நகையைச் சோதிக்காதீர்கள். ஜெர்மன் சில்வரிலும் அது ஒட்டாது, அசல் வெள்ளியிலும் ஒட்டாது.

எவர்சில்வருக்கும் ஒரு பலவீனம் இருக்கிறது. உப்பு நாள்கணக்கில் கிடந்தால் அந்தக் கவசத்தில் பொத்தல் விழும். உப்பும் ஊறுகாயும் ஜாடியில் இருக்கட்டும். புதுப் பாத்திரத்தில் தக்காளி, புளியை நெடுநேரம் கொதிக்கவிட்டால் நிக்கல் சற்றுக் கூடுதலாக இறங்கும், போகப்போகக் குறையும். நிக்கல் ஒவ்வாதவர்கள் புளிக்குழம்பை அதில் நெடுநேரம் கொதிக்கவிட வேண்டாம்.

பெண்ணின் கொலுசைக் கழற்றச் சொல்லி, திரிபலா கஷாயத்தை ஆறவைத்துக் கழுவச் சொன்னேன். நீர் வடிந்தாலோ சீழ் வைத்தாலோ உடனே தோல் மருத்துவரிடம் போகவும் சொன்னேன். மூன்று வாரத்தில் கால் ஆறிவிட்டது. தொப்புளுக்குக் கீழே மட்டும் காசளவுக்கு ஒரு தடிப்பு மிச்சம். ஜீன்ஸ் பொத்தான்! உள்பக்கம் துணி வைத்துத் தைக்கச் சொல்லி அனுப்பினேன்.