லாரி புறப்படுமுன் ஓர் எண்

வேப்பனப்பள்ளியிலிருந்து கிரானைட் பலகைகளை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி கர்நாடகத்துக்குப் புறப்பட நிற்பதாகக் கொள்வோம். சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல். எனவே இ-வே பில் வேண்டும். விற்பவரின் ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியதாயின், 2023 ஆகஸ்டு 1 முதல், பிற வணிகர்களுக்குத் தரும் பில்லையும் அரசின் கணிப்பொறியில் பதிந்தாக வேண்டும். கம்பெனியின் கணக்கு மென்பொருளே பில்லை நேராக அங்கு அனுப்பும். 64 குறிகள் கொண்ட பதிவெண் ஒன்று திரும்பி வரும்.

வராவிட்டால்? அனுப்பிய மறுகணமே இணைப்பு அறுந்துவிட்டது. பில் பதிவாயிற்றா, இல்லையா? மறுபடி அனுப்பினால் ஒரே சரக்குக்கு இரண்டு பில் ஆகிவிடாதா?

ஆகாது. அந்த எண் வரிசையாகக் கொடுக்கும் டோக்கன் அன்று. விற்பவரின் ஜி.எஸ்.டி. எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் எண் ஆகிய நான்கையும் ஷா-256 என்னும் கணக்குமுறையில் இட்டுப் பெறுவது. அதே நான்கை இட்டால் என்றும் அதே விடை. ஓர் இலக்கம் மாறினாலும் விடை அடியோடு வேறு. 64 இடங்களில் ஒவ்வொன்றிலும் 16 குறிகள் வரலாம். ஆக, வரக்கூடிய விடைகள் 1-க்குப் பின் 77 சுழிகள் இட்ட எண்ணையும் மிஞ்சும்! இரு வேறு பில்களுக்கு ஒரே எண் வருமோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

எனவே இரண்டாம் முறை வந்த பில்லை அரசின் கணிப்பொறி, 'முன்பே பதிவானது' என்று திருப்பிவிடும். இதைச் சில மென்பொருள்கள் பிழையென்று காட்டிக் குமாஸ்தாவைக் கலங்கடிக்கின்றன. உண்மையில் அது நற்செய்தி!

கவனித்தீர்களா? அந்த நான்கில் தொகை இல்லை. தொகையைக் காப்பது பில்லில் அச்சாகும் கியூஆர் கட்டம். அரசின் இரகசியச் சாவியால் அது முத்திரையிடப்பட்டது. உள்ளே தொகையைத் திருத்தினால் முத்திரை பொருந்தாது.

தொகையையே தவறாக அனுப்பிவிட்டால், 24 மணி நேரத்துக்குள் பதிவை ரத்துச் செய்து, வேறு பில் எண் இட்டு அனுப்பலாம். பழைய எண்ணை அது மறுபடி ஏற்காது.