பாக்கி கேட்கிற மெசேஜ் ஆள் மாறிப் போகுதா? ஷீட்டில் இந்த ஒரு ஃபார்முலா போதும்!

தோவாளைப் பூ மார்க்கெட்டில் உங்களுக்கு ஒரு கடை இருக்குன்னு வெச்சுக்கோங்க. ஓணம் சீசன். பூ மூட்டை மூட்டையா கேரளாவுக்குப் போகுது. யார் எவ்வளவு எடுத்தாங்க, யார் பாக்கி என்ற கணக்கெல்லாம் போனில், கூகுள் ஷீட்ஸில். ஒவ்வொரு பேருக்குப் பக்கத்திலும் வாட்ஸ்அப் லிங்க்கைக் கையாலேயே ஒட்டி வெச்சிருக்கீங்க.

ஒரு வியாபாரி நம்பரை மாத்துறார். ஷீட்டில் நம்பரைத் திருத்திட்டீங்க, லிங்க்கை மறந்துட்டீங்க. "அண்ணாச்சி, போன வாரப் பாக்கி..." என்ற மெசேஜ் பழைய நம்பருக்குத்தான் போகும். அது இப்போ யார் கையில் இருக்கோ! நம்பிக்கையில் ஓடுற தொழிலுக்கு இது சின்ன விஷயமில்லை.

அதனால் லிங்க்கை ஒட்டாதீங்க, ஃபார்முலாவில் உருவாக்குங்க.

எப்படிச் செய்வது?

* 'ஏ' வரிசையில் பெயர், 'பி' வரிசையில் போன் நம்பர். முன்னால் பூஜ்யமோ பிளஸ் குறியோ, நடுவில் இடைவெளியோ வேண்டாம். வெறும் 10 இலக்கம்.

* 'சி2' செல்லில் சமக்குறி போட்டு 'ஹைப்பர்லிங்க்' ஃபங்ஷனைத் தேர்ந்தெடுங்க. அது கேட்பது ரெண்டே விஷயம்: எங்கே போகணும், செல்லில் என்ன தெரியணும்.

* முதல் இடத்தில், இரட்டை மேற்கோளுக்குள் 'ஹெச்டிடிபிஎஸ்' தொடங்கி வாட்ஸ்அப்பின் 'டபிள்யூஏ டாட் எம்இ' முகவரி, ஒரு சாய்வுக்கோடு, 91. மேற்கோளை மூடிட்டு '&' குறி, பிறகு பி2.

* ஒரு கமா. அடுத்து, மேற்கோளுக்குள் 'மெசேஜ் அனுப்பு'.

அந்தச் செல்லைக் காப்பி பண்ணிக் கீழே வரைக்கும் பேஸ்ட் பண்ணுங்க. இனி 'பி'யில் நம்பர் மாறினா, லிங்க்கும் தானா மாறிடும். லிங்க்கைத் தொட்டா சாட் திறக்கும். அனுப்பும் பட்டனை நீங்கதான் அழுத்தணும். அதுக்கு முன்னால் பெயரை ஒருமுறை பார்த்துக்கலாம். எக்ஸெலிலும் இதே ஃபார்முலாதான்.

மேக்ரோ வேண்டாமா?

கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான வரிகளுக்கு ஒரே க்ளிக்கில் லிங்க் போட எக்ஸெல் மேக்ரோ உதவும். ஆனா, போனில் இருக்கும் எக்ஸெல் ஆப்பில் அது ஓடாது. மேக்ரோ வழியா வைரஸ் வருவதால், இணையத்திலிருந்து வரும் ஃபைல்களில் அதை 2022 முதல் மைக்ரோசாஃப்ட் தானாகவே தடுக்குது. தெரியாதவர் அனுப்பிய ஃபைலில் அந்தத் தடையை நீக்காதீங்க.

கடைசியா ஒண்ணு. ஷீட்டில் இருப்பது அடுத்தவங்க நம்பரும் கடன் கணக்கும். 'லிங்க் இருக்கிற யாரும் பார்க்கலாம்'னு ஷேர் பண்ணிடாதீங்க. கடைப் பையனுக்குத் தேவைன்னா, அவர் மெயில் ஐடிக்கு மட்டும் அனுமதி கொடுங்க.