எழுத்தாளனும் காலத்தின் உக்கிராணத்துவமும்

நூலை எழுதினால் மட்டும் போதாது. அதனை முகநூலிலும் யூடியூபிலும் தானே அறிவிக்கவும் வேண்டும் என்னும் நிலை இன்றைய எழுத்தாளனுக்கு நேர்ந்துள்ளது. இரு வேலைகளுக்கும் உள்ளதோ ஒரே பகற்பொழுது. இதனை எங்ஙனம் பங்கிடுவது?

திருவண்ணாமலையில் வாழும் எழுத்தாளர் பவா செல்லதுரை கதைகளை வாய்மொழியாகச் சொல்லி வருகிறார். காணொளிகளின் வாயிலாக அவர் குரல் கடல் கடந்த தமிழரையும் எட்டியுள்ளது. அவர் சொல்பவற்றில் பெரும்பாலானவை பிறர் எழுதிய கதைகள் என்பது கவனிக்கத்தக்கது. பிறருடைய நூலுக்கு வாசகரைச் சேர்ப்பவரை அவ்வாசகரும் தேடி வருகின்றனர்.

ஜெயமோகன் கண்ட வழி வேறு. 2014 சனவரி முதல் 2020 சூலை வரை, ‘வெண்முரசு’ வரிசையின் 26 நாவல்களை நாளுக்கோர் அத்தியாயமாகத் தம் இணையதளத்தில் வெளியிட்டார். அங்கே அறிவிப்பும் எழுத்தும் ஒன்றாயின.

இவ்விருவரிடமும் முன்னிற்பது கதையே, சொல்பவன் அல்லன். தன்னைக் காட்டும் முயற்சிக்கோ எல்லையில்லை. விருப்பக்குறிகளை எண்ணத் தொடங்கியவன் மறுநாளும் எண்ணியே ஆகவேண்டும்.

சபைப் பணியின் நடுவே எழுதும் நமக்குக் கிடைப்பது சொற்ப நேரமே. இக்கட்டுரையை எழுதுகையில் நாமே இருமுறை கைபேசியை எடுத்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. ஆகவே, விடியற்காலத்தின் ஒரு மணி நேரத்தை எழுத்துக்கென்று பிரித்து வைப்போமாக. அறிவிப்புக்கு வாரத்தில் ஒரு மாலை போதும். எழுதியதை அறிவிக்கப் பிறர் உதவலாம். நமக்காக எழுதித்தர ஒருவருமில்லை.