விரால் மீன்: இனங்காணலும் இசைவாக்கமும்

மாணவர்களே, உலர் வலயக் குளங்கள் ஆவணி, புரட்டாதி மாதங்களில் வற்றும்போது பல மீன்கள் செத்து மிதப்பதைக் கண்டிருப்பீர்கள். ஆனால் அதே குளத்துச் சேற்றினுள் விரால் உயிருடன் இருப்பதுண்டு. இது எவ்வாறு சாத்தியமாகிறது? இதனை விளங்கிக்கொண்டால் ‘இசைவாக்கம்’ தொடர்பான வினாக்கள் உங்களுக்கு எளிதாகிவிடும்.

விராலின் விஞ்ஞானப் பெயர் சன்னா ஸ்ரையேற்றா. இது ஒரு முள்ளந்தண்டு விலங்கு. மீன்கள் கூட்டத்தைச் சேர்ந்தது.

இனங்காண உதவும் இயல்புகள்

1. உடல் நீண்டது, உருளை வடிவானது.
2. தலை பாம்பின் தலையை ஒத்தது; அதன்மேல் பெரிய செதில்கள் உண்டு.
3. வாய் அகன்றது, தாடைகளில் பற்கள் உண்டு.
4. முதுகுச் செட்டையும் குதச் செட்டையும் நீளமானவை. வாற் செட்டை வட்டமானது.
5. முதுகு கருமையானது, வயிறு வெண்மையானது. பக்கங்களில் சாய்வான கரும்பட்டிகள் காணப்படும்.

சுங்கானும் சேற்றில் வாழும் மீனே. எனினும் அதற்குச் செதில்கள் இல்லை. வாயைச் சுற்றி நான்கு சோடி மீசைகள் உண்டு. இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்க.

சுவாசம்

நீர் வெப்பமடையும்போது அதில் கரைந்துள்ள ஒட்சிசனின் அளவு குறையும். பூக்களால் மட்டும் சுவாசிக்கும் மீன்கள் இதனாலேயே இறக்கின்றன. விராலுக்கோ பூக்களுக்கு மேலே, தலையினுள் ஒரு சோடி காற்றறைகள் உண்டு. அவற்றின் சுவரில் குருதி மயிர்த்துளைக்குழாய்கள் செறிந்துள்ளன. விரால் நீர்மட்டத்துக்கு வந்து வாயால் காற்றை விழுங்க, அக்காற்றிலுள்ள ஒட்சிசன் குருதியினுள் பரவுகிறது. வளர்ந்த விராலை மேலே வரவிடாது வலையால் நீரினுள் தடுத்து வைத்தால் அது மூச்சுத்திணறி இறந்துவிடும். மீன் நீரில் மூழ்கி இறப்பது வியப்பன்றோ!

தோல் ஈரமாக இருக்கும்வரை விராலால் நீருக்கு வெளியேயும் சிறிது காலம் உயிர்வாழ முடியும். எனவே வறட்சியில் சேற்றினுள் புதைந்திருக்கும். ஈரத்தரையில் நெளிந்து வேறொரு நீர்நிலைக்கும் செல்லும்.

உணவும் இனப்பெருக்கமும்

விரால் ஓர் ஊனுண்ணி. சிறுமீன், தவளை, வாற்பேய், பூச்சி, இறால் என்பன இதன் இரைகள். நீர்த்தாவரங்களிடையே அசையாது காத்திருந்து, இரை கிட்டியதும் பாய்ந்து பிடிக்கும்.

கருக்கட்டல் உடலுக்கு வெளியே நிகழும். முட்டைகள் நீர்மேல் மிதக்கும். பெற்றோர் அவற்றையும், பின்னர் கூட்டமாக நீந்தும் செந்நிறக் குஞ்சுகளையும் காவல் காக்கும். அவ்வேளையில் பெரிய மீனைப் பிடித்தால், காவலற்ற குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும். ஒரு மீனுடன் ஒரு தலைமுறையே அழிந்துவிடும். குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் அவ்விடத்தில் தூண்டில் போடாதிருப்பது நன்று.

பரீட்சைக் குறிப்பு

‘விராலுக்கு நுரையீரல் உண்டு’ என எழுதுவது தவறு. ‘காற்றறை’ என்றே எழுதுக.

மாதிரி வினா: ஒட்சிசன் குறைந்த நீரில் விரால் உயிர்வாழ்வது எவ்வாறு?

விடை: பூக்களுக்கு மேலுள்ள காற்றறைகள் மூலம் வளிமண்டல ஒட்சிசனை நேரடியாகப் பெறுவதால், நீரில் கரைந்துள்ள ஒட்சிசனில் மட்டும் அது தங்கியிருப்பதில்லை.