கடலே பிழைப்பும் அச்சமும் ஆகும்போது

பேரிடரில் உயிர் தப்பியவர்களின் மனநலத்தைப் பற்றிப் பேசுவோர் 'தூண்டி' எனக் குறிப்பிடுவது, ஆபத்து நேர்ந்த வேளையில் உடனிருந்து, பின்னர் எதிர்ப்பட்டாலே பழைய அச்சத்தை உடலில் அப்படியே எழுப்பிவிடும் ஓசை, வாடை, காட்சி, நாள் போன்ற எதையும் ஆகும். அச்சத்தை ஆளும் மூளைப்பகுதியான அமிக்டலா, இது அன்றைய அலையா இன்றைய அலையா என்று பகுத்தறியக் காத்திராமல் எச்சரிக்கை எழுப்புவதால்தான், அறிவு அமைதியாக இருக்கும்போதே நெஞ்சு படபடக்கிறது.

வெள்ளத்திலோ விபத்திலோ சிக்கியவர் அந்த இடத்தை ஓரளவு தவிர்த்து வாழலாம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையால் தாக்கப்பட்ட நாகப்பட்டினம் மீனவருக்கோ தூண்டியும் தொழிற்களமும் ஒன்றே. தமிழ்நாட்டில் இறந்த ஏறத்தாழ 8,000 பேரில் பெரும்பகுதியினரை இழந்த அந்த மாவட்டத்தில், உறவினரின் உடல்களைக் கொண்டுபோன கடலுக்குத் திரும்ப மீனவர்கள் அஞ்சினர். அக்கடலின் மீனை உண்ணப் பலரும் தயங்கியதால் பிடித்துவந்த மீனும் விலைபோகவில்லை.

தவிர்த்தல் அப்போதைக்கு ஆறுதல் தந்தாலும், கடல் இன்று தீங்கு செய்யாது என்று மனம் கற்றுக்கொள்ளும் வாய்ப்பை அது பறித்துவிடுகிறது. ஆகவே முதலில் கரையில் வலை பின்னுவது, பிறகு துணையோடு அலையோரம் நிற்பது, அதன்பின் அருகிலேயே சென்று திரும்புவது எனப் படிப்படியாக அணுகுவதே பொருத்தமான வழியாகும். அச்சம் மேலிடும் கணத்தில் மூச்சை மெல்ல நீட்டி வெளிவிடுவதும், பாதம் பதிந்த மணலின் சூட்டையோ கையிலுள்ள கயிற்றின் முரட்டுத்தன்மையையோ கவனிப்பதும் மனத்தை இக்கணத்துக்கு இழுத்துவர உதவும். நடந்ததை உடனே விவரிக்குமாறு எல்லோரையும் வற்புறுத்துவது பயன் தராது என்பதே இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. உணவு, உறைவிடம், உறவினரோடு சேர்த்துவைத்தல் ஆகியவற்றை முதலிடத்தில் வைக்கும் உளவியல் முதலுதவியே அதனினும் மேலானது. படகும் வலையும் மீண்டும் கைக்கு வந்தது எத்தனையோ பேருக்கு ஆலோசனையைவிடப் பெரிய மருந்தாக இருந்திருக்கும் என்று கருத இடமுண்டு.

எல்லா அச்சமும் நோயன்று. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்து எச்சரிக்கை வெளியானபோது கடலோர மக்கள் உள்நாட்டை நோக்கி விரைந்தனர். நிலத்தட்டுகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்ததால் பேரலை எழவில்லையெனினும், அந்த விரைவை மனப்பிறழ்வு எனக் கொள்வது தவறு, அது பாடம் கற்ற சமூகத்தின் விவேகம். டிசம்பர் 26 தோறும் கடலில் பாலூற்றி மலர் தூவும் வழக்கமும் இத்தகையதே: தனியே எதிர்கொண்டால் வதைக்கும் நாளை, ஊர் கூடி எதிர்கொள்ளும் நாளாக அது மாற்றுகிறது.

பெரும்பாலோர் சிகிச்சையின்றியே தேறிவிடுவர். ஆனால் ஒரு மாதத்துக்கு மேலும் கொடுங்கனவும் திடுக்கிடலும் தவிர்த்தலும் நீடித்து வேலையைக் கெடுத்தாலோ, உறக்கத்துக்காக மதுவை நாடத் தொடங்கினாலோ, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணையோ நாடுவதற்கு அதற்குமேல் காரணம் தேவையில்லை.