லயத்திலிருந்து வகுப்பறைக்கு – 9: நோட்டன் தண்ணீரும் ஹட்டன் ஆய்வுகூடமும்

நோட்டன் பிரிட்ஜில் விடியற்காலை பஸ்ஸுக்கு நிற்கும் வெள்ளைச் சீருடைக்காரர்களைக் கவனியுங்கள். லயத்தில் பெரட்டுச் சத்தம் கேட்கும் முன்பே எழுந்து, பனியில் இறங்கி வந்த பிள்ளைகள். கீழே அணைக்கட்டில் கெசல்கமு ஓயா தேங்கி நிற்கிறது. அந்தத் தண்ணீரை வைத்துத்தான் 1950இல் லக்ஷபான மின்நிலையம் ஓடத் தொடங்கியது. இத்திட்டத்துக்காக வாழ்நாளெல்லாம் வாதாடிய பொறியியலாளர் விமலசுரேந்திரவின் பெயரில் 1965இல் நோட்டனிலேயே இன்னொரு மின்நிலையம் வந்தது. வெளிச்சம் கொழும்புக்குப் போனது. அணையைச் சுற்றியிருந்த லயங்களில் அதற்குப் பிறகும் வெகுகாலம் குப்பி லாம்புதான். அந்த டர்பைன் எப்படிச் சுழல்கிறது என்பதை உயர்தரத்தில் பௌதிகவியலாகப் படிக்க நினைக்கும் பிள்ளை இன்றைக்கும் பெரும்பாலும் ஹட்டனைத்தான் பார்க்கிறது.

ஹட்டனில் அந்தப் பிள்ளை தேடிப்போகும் பாடசாலைகளில் இரண்டு, கத்தோலிக்க மிஷன் தொடங்கியவை: புனித ஜோன் பொஸ்கோ கல்லூரி, புனித கப்ரியல் மகளிர் கல்லூரி. பெயரில் புனிதர் இருக்கிறார், நிர்வாகம் அரசாங்கத்துடையது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் அடுத்த ஆண்டுச் சட்டமும் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு கைக்கு மாற்றின. பெற்றோர் பாடசாலைகளுக்குள்ளேயே குடியேறி எதிர்ப்புத் தெரிவித்த காலம் அது. தனியாக நடத்த விரும்பிய பெரிய பாடசாலைகளுக்கும் ஒரு நிபந்தனை இருந்தது: மாணவரிடம் கட்டணம் வாங்கக்கூடாது. கொழும்பில், கண்டியில் சில கல்லூரிகள் அதையும் தாங்கின. தேயிலை மலையில் கட்டணமும் இல்லாமல் நன்கொடையும் இல்லாமல் யாரால் ஒரு கல்லூரியை நடத்த முடியும்?

கையேற்றது சரியா என்று பலர் கேட்கிறார்கள். மிஷனுக்கு இழப்புதான், மறுக்க முடியாது. ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. நகரத்துப் பாடசாலைகளை அறுபதில் அவசரமாக எடுத்த அரசு, துரைமாரின் பொறுப்பில் கிடந்த தோட்டப் பள்ளிக்கூடங்களை 1977 வரை தொடவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற அந்த ஒற்றை அறைகளிலிருந்து உயர்தர விஞ்ஞானத்துக்கு ஏணி போட வேண்டிய வேலை அதனால் ஒரு தலைமுறை பின்தள்ளப்பட்டது.

இப்போது எங்கும் ‘நவீனமயப்படுத்தல்’. அந்தச் சொல்லோடு ஒரு ஸ்மார்ட் போர்டு வரும், நாடா வெட்டுவார்கள், படம் எடுப்பார்கள். பெயர் வேண்டாம், மலையகத்தில் ஒரு பாடசாலை ஆய்வுகூடத்துக்குப் போயிருந்தேன். நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தால் சிலந்தி வலை மாதிரித் தெரிந்தது. வெங்காயத் தோல் என்று நினைத்தேன். வில்லையில் படர்ந்த பூஞ்சணம். இந்த ஈரத்தில் கண்ணாடியைப் பெட்டியில் பூட்டி வைத்தால் அப்படித்தான் ஆகும். இரசாயனப் போத்தல்களில் லேபல் உரிந்து, எது அமிலம் எது உப்பு என்று தெரியவில்லை. பியூரட் இருந்தது, அதன் குழாய் திரும்பவில்லை. பிள்ளைகள் நியமிப்புப் பரிசோதனையைக் கொப்பியில் வரைந்து மனப்பாடம் செய்திருந்தார்கள். இளஞ்சிவப்பு எந்தத் துளியில் தோன்றும் என்று அழகாகச் சொன்னார்கள், ஒருவரும் பார்த்ததில்லை. அடுத்த அறையில் ஸ்மார்ட் போர்டு, தூசி படாமல் மேசை விரிப்பால் போர்த்தப்பட்டிருந்தது.

கட்டடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்பது பெருந்தோட்டப் பாடசாலைகளை மேம்படுத்த இந்தியா தரும் உதவி 60 கோடி ரூபாயாக இரட்டிப்பானது நல்ல செய்திதான். ஆனால் கட்டடத்துக்கு ஒருமுறை காசு போதும். ஆய்வுகூடத்துக்கு ஆண்டுதோறும் வேண்டும். இரசாயனங்கள் தீரும், கண்ணாடி உடையும், கழுவி அடுக்க ஓர் உதவியாளர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தமிழில் இரசாயனவியலும் இணைந்த கணிதமும் கற்பிக்கும் ஆசிரியர் வேண்டும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி மலையகத்துக்கு ஆசிரியர்களைத் தந்தது பெரிய காரியம். என்றாலும் உயர்தர விஞ்ஞானத்துக்குப் பட்டதாரிகள் தேவை. அந்தப் பட்டதாரி உருவாக, அதே பாடத்தை இங்கே ஒரு பிள்ளை முதலில் படித்திருக்க வேண்டும். சக்கரம் அங்கேதான் சிக்குகிறது.

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் நுவரெலியாவும் ஒன்று. வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஆய்வுகூடம் இல்லாத பாடசாலைப் பிள்ளை அந்த வாசல் வரை வருவதற்கே வழியில்லை.

பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொழும்பிலும் கனடாவிலும் இருந்து ஆண்டு விழாவுக்குக் காசு அனுப்புகிறீர்கள். நுழைவாயில் வளைவுக்கும் புனிதரின் சிலைக்குப் புதுப் பெயின்ட்டுக்கும் கொடுப்பதற்கு முன், அதிபருக்கு ஒரு போன் போட்டு இதை மட்டும் கேளுங்கள்: “சேர், இந்தத் தவணை பிள்ளைகள் பியூரட்டைக் கையில் பிடித்தார்களா?”