உங்களுக்குத் தெரியுமா? – திருமங்கலத்திலிருந்து ஆயுர்வேதம் படிக்கப் போகும் வழி

● மதுரையிலிருந்து வரும் சாலை திருமங்கலத்தில் இரண்டாகப் பிரிகிறது. நேர் தெற்கே போவது தேசிய நெடுஞ்சாலை 44. விருதுநகர், கோவில்பட்டி, திருநெல்வேலி வழியாகப் போய்க் காவல்கிணற்றில் ஒதுங்கினால் நாகர்கோவில். அங்கே கோட்டாற்றில் இருக்கிறது, 2009-இல் தொடங்கிய அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி. இன்னொரு சாலை 744. கல்லுப்பட்டி, திருவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை தாண்டிக் கொல்லத்தில் இறங்கும். அந்தப் பக்கம் முழுக்க ஆயுர்வேதத்தின் தாய்வீடு. திருமங்கலத்துப் பிள்ளை எந்தச் சாலையில் பஸ் ஏறினாலும் படிப்பு கிடைக்கும்!

● திருமங்கலத்திலேயே ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் அது ஆயுர்வேதத்துக்கு அல்ல. 1975-இல் தொடங்கிய அரசு ஹோமியோபதி மருத்துவக் கல்லூரி. அதற்கும் சொந்த மருத்துவமனை உண்டு. ஜெர்மானியரான ஹானிமன் உருவாக்கிய முறை அது. நம் மண்ணின் மருத்துவம் என்று நினைத்து அங்கே விசாரிக்கப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

● சித்தாவும் ஆயுர்வேதமும் ஒன்றல்ல. சித்த மருத்துவத்தின் மூல நூல்கள் தமிழில், பட்டம் பி.எஸ்.எம்.எஸ். ஆயுர்வேதத்தின் மூல நூல்கள் சமஸ்கிருதத்தில், பட்டம் பி.ஏ.எம்.எஸ். தெற்கே போகும் அதே சாலையில், 1964-இல் தொடங்கிய பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி வழியிலேயே வந்துவிடும்.

● தமிழகத்தின் அரசு ஆயுர்வேதக் கல்லூரி நாகர்கோவிலில் அமைந்ததற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1956 நவம்பர் 1 வரை கன்னியாகுமரிப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு, அதற்கு முன் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு சேர்ந்திருந்தது. திருவனந்தபுரத்தில் 1889-லேயே அரசர் ஆதரவில் ஆயுர்வேதப் பாடசாலை நடந்தது. வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம்தான் கேரள மரபின் உயிர்நூல். 120 அத்தியாயங்களையும் மனப்பாடம் செய்த வைத்தியர்கள் அங்கே இருந்தார்கள். அந்தக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குத் தெற்கே இன்றும் வீசுகிறது.

● பி.ஏ.எம்.எஸ். படிப்பு ஐந்தரை ஆண்டு. 18 மாதம் வீதம் மூன்று கட்டம், பிறகு ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சி. முதல் கட்டத்தில் சமஸ்கிருதம் ஒரு பாடம். தமிழ்வழியில் படித்துவிட்டு வரும் மாணவருக்கு இது முதலில் மலைப்பாகத்தான் இருக்கும். கூடவே உடற்கூறும் உடலியங்கியலும் உண்டு. எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை அறிக்கை பார்க்கவும் கற்றுத் தருகிறார்கள்.

● கல்லூரிக்கு மருத்துவமனை கட்டாயம். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி 60 மாணவர் சேரும் கல்லூரிக்கு 60 படுக்கை தேவைப்பட்டது, அதாவது ஆளுக்கு ஒன்று. புறநோயாளிகள் நாளொன்றுக்குச் சராசரியாக 120 பேர், அதாவது ஆளுக்கு இரண்டு. படுக்கைகளில் 40 சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருக்கவும் வேண்டியிருந்தது. இந்த எண்களை வெறும் சட்டக் கணக்கு என்று தள்ளிவிடக் கூடாது. பக்கவாதம் வந்தவரின் கை முதல் வாரம் எப்படி இருந்தது, மூன்றாம் வாரம் எப்படி இருக்கிறது என்பதை அதே வார்டில் நின்று பார்த்த மாணவருக்குத்தான் வாத நோய் புரியும். நோயாளி வராத மருத்துவமனையில் எத்தனை சுலோகம் படித்தாலும் வைத்தியர் உருவாக மாட்டார் என்பது என் உறுதியான எண்ணம்.

● நேரில் செய்து பழகாதவன் கத்தியைத் தொடக் கூடாது என்பதில் சுஸ்ருதர் மிகக் கண்டிப்பானவர். சுஸ்ருத சம்ஹிதையில் பயிற்சிக்கென்றே ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது. வெட்டிப் பழகப் பூசணி, சுரைக்காய், தர்பூசணி, வெள்ளரி. கீறித் திறக்கப் பழகத் தண்ணீரும் சேறும் நிரப்பிய தோல்பை. ஊசியால் குத்திப் பழகத் தாமரைத் தண்டு, இறந்த விலங்கின் ரத்தக் குழாய். உள்ளே சிக்கியதை எடுத்துப் பழகப் பலாச்சுளையின் கொட்டை, வில்வப்பழத்தின் விதை. தையல் போடத் தடித்த துணியும் மெல்லிய தோலும். கட்டுப் போட்டுப் பழக மனித உருவப் பொம்மை! இன்றைய மருத்துவக் கல்லூரிகளில் செயற்கை உடல்களை வைத்து நடத்தும் பயிற்சிக்கு இது எத்தனையோ நூற்றாண்டு மூத்தது.

● பிணத்தை அறுத்து உடற்கூறு படிக்கும் முறையும் அதே நூலில் உண்டு. உடலைப் புல்லால் சுற்றிக் கூண்டில் வைத்து, ஓடும் தண்ணீரில் ஏழு இரவு ஊறவிட்டு, பிறகு தோலை மெல்லத் தேய்த்து நீக்கி ஒவ்வோர் அடுக்காகப் பார்க்க வேண்டும். காலப்போக்கில் அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று. 1836-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில், சாதித் தடையை மீறி முதலில் பிணத்தை அறுத்தவர் மதுசூதன் குப்தர். அவர் ஓர் ஆயுர்வேத வைத்தியர். சமஸ்கிருதக் கல்லூரியில் ஆயுர்வேதம் கற்பித்தவர்.

● தைலம் காய்ச்சுவது தனிப் பாடம். மூலிகை விழுது, கஷாயம், எண்ணெய் மூன்றையும் சேர்த்து மெல்லிய தீயில் வைக்க வேண்டும். பதம் பார்க்க வாட்ச் வேண்டாம். அடியில் தங்கிய விழுதை எடுத்து விரலிடையில் உருட்டினால் திரியாகத் திரள வேண்டும். அந்தத் திரியை நெருப்பில் காட்டினால் சடசடக்கக் கூடாது. சத்தம் வந்தால் நீர்ச்சத்து மிச்சம் இருக்கிறது. எண்ணெய் பதத்துக்கு வரும்போது நுரை பொங்கும். நெய்யாக இருந்தால் நுரை அடங்கும். பதத்திலும் மூன்று வகை: மூக்கில் விடும் நசியத்துக்கு இளம்பதம், குடிக்கவும் ஆசனவாய் வழியே செலுத்தும் வஸ்திக்கும் நடுப்பதம், மேலே தேய்க்க முதிர்பதம். இதை அடுப்படியில் நின்றுதான் படிக்க முடியும். நோட்ஸ் எடுத்து வராது.

● அரிஷ்டம் முடிந்துவிட்டதா என்று பார்க்க ஒரு தீக்குச்சி போதும். புளிக்கும்போது கரியமில வாயு வருவதால் ஜாடிக்குள் நீட்டிய தீ அணையும். அணையாமல் எரிந்தால் புளிப்பு முடிந்தது. கஷாயமாகக் காய்ச்சிப் புளிக்க வைப்பது அரிஷ்டம், காய்ச்சாமல் புளிக்க வைப்பது ஆசவம்.

● எட்டி விஷம் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதன் கொட்டையைச் சுத்தி செய்து ஆயுர்வேதம் மருந்தாக்குகிறது. ஆனாலும் மருந்துச் சட்டத்தின் நச்சுப் பட்டியலான இ(1)-இல் அது இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள பொருள் கலந்த மருந்தில், மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கை அச்சாகியிருக்க வேண்டும். ‘மூலிகைதானே, ஒன்றும் செய்யாது’ என்று சொல்பவர்களிடம் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள்.

● சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி ஒரு காலத்தில் நாட்டு மருத்துவப் பள்ளி! பனகல் அரசர் முதல்வராக இருந்தபோது, உஸ்மான் குழு 1923-இல் தந்த அறிக்கையைத் தொடர்ந்து அது தொடங்கியது. ஆயுர்வேதம், சித்தா, யுனானி மூன்றும் அங்கே கற்பிக்கப்பட்டன. பள்ளியின் முதல்வர் கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி, ஆங்கில மருத்துவம் படித்தவர். 1960-இல் அந்த இடம் முழு அலோபதிக் கல்லூரியானது.

● 2020 நவம்பரில் வந்த மத்திய அறிவிக்கை, ஆயுர்வேத அறுவைத் துறைகளில் முதுநிலை படிப்பவர்கள் பயிற்சி பெற வேண்டிய 58 அறுவை முறைகளைப் பட்டியலிட்டது. மூலம், பௌத்திரம், கண்புரை எல்லாம் அதில் வரும். அலோபதி மருத்துவர்கள் சங்கம் டிசம்பர் 11 அன்று நாடு முழுக்க எதிர்ப்புத் தெரிவித்தது. இளநிலை பி.ஏ.எம்.எஸ். முடித்தவருக்கு இந்தப் பட்டியல் பொருந்தாது என்பதைப் பலர் கவனிக்கவில்லை.

● பி.ஏ.எம்.எஸ். படிப்பில் சேர்வதற்கு நீட் தேர்வு கட்டாயம். ஆனால் எம்.பி.பி.எஸ். விண்ணப்பத்திலேயே இது அடங்கிவிடாது. சென்னை அரும்பாக்கத்தில் உள்ள இந்திய மருத்துவம் மற்றும் ஹோமியோபதி இயக்குநரகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், கலந்தாய்வும் தனி. இதை அறியாமல் நல்ல மதிப்பெண்ணை வீணாக்கும் குடும்பங்களுக்காகவே இந்தத் துணுக்கு.

● தமிழகத்தின் 2020-ஆம் ஆண்டுச் சட்டம் தரும் 7.5 சதவீத முன்னுரிமை இந்திய மருத்துவப் படிப்புகளுக்கும் உண்டு. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட்டில் தகுதி பெற்றவர்களுக்கு அந்த இடங்கள். கலந்தாய்வில் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு வேலைநாள் காலை நேரில் போய்ப் புறநோயாளிப் பிரிவில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், வார்டில் எத்தனை படுக்கைகளில் ஆள் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். கட்டடத்தின் அழகைவிட அந்த இரண்டு எண்களுக்கு மதிப்பு அதிகம்.